கட்டடக்கலைக் கல்லூரியின் கதவை ஊருக்குத் திறக்க: சேலத்தில் உரை, கண்காட்சி, நடை நடத்த முழுமையான வழிகாட்டி

கட்டடக்கலையும் வடிவமைப்பும் கற்பிக்கும் கல்லூரிகளில் ஆண்டுதோறும் உரை நடக்கிறது, கண்காட்சி நடக்கிறது. மாணவர்கள் வருகிறார்கள், பெற்றோர் வருகிறார்கள், பக்கத்துக் கல்லூரி ஆசிரியர்கள் வந்து தேநீர் குடித்துவிட்டுப் போகிறார்கள். கூப்பிடு தூரத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் மேஸ்திரி வருவதில்லை. வீடு கட்டக் கடன் வாங்கியிருக்கும் குடும்பம் வருவதில்லை. இவர்கள் வந்தால்தான் அது பொது நிகழ்ச்சி. அவர்களை வரவழைத்து, வந்தவர்களுக்குப் பயன்படும்படி மூன்று நாள் நிகழ்ச்சி நடத்துவது எப்படி என்பதைச் சேலத்து மாணவர்களுக்கும் இளம் ஆசிரியர்களுக்கும் சொல்வதற்காக இதை எழுதுகிறேன்.

முதன்முறை நடத்துகிறவர்கள் சிறப்பு விருந்தினரின் தேதியை முதலில் வாங்குகிறார்கள். பிறகு அரங்கம், பிறகு கண்காட்சி, மிச்சம் இருக்கும் நேரத்தில் ஊர் நடை. இந்த வரிசையைத் தலைகீழாக்குங்கள். நடை கோயில் அலுவலகத்தையும் வீட்டுக்காரர்களையும் நம்பி நிற்பது. அது உங்கள் கையில் இல்லை, ஆகவே முதலில் உறுதியாக வேண்டும். நடந்து பார்க்கும் தெருக்களின் வரைபடங்களே கண்காட்சியின் உயிர், ஆகவே அது இரண்டாவது. உரை இரண்டையும் விளக்குவது, எளிதில் மாற்றக்கூடியது, ஆகவே கடைசி.

1. யாருக்காக என்று ஒரே ஒரு வரி எழுதுங்கள்

"பொதுமக்கள்" என்று எழுதினால் யாரும் வரமாட்டார்கள். "சொந்த வீடு கட்டப் போகும் குடும்பங்கள்", "கொத்தனார்களும் மேஸ்திரிகளும்", "பிளஸ் டூ முடித்து, கட்டடக்கலைப் படிப்புக்கான நாட்டா நுழைவுத் தேர்வு எழுத நினைக்கும் மாணவர்கள்" என்று மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். மற்றவர்களும் வரலாம், ஆனால் ஒவ்வொரு முடிவும் அந்த ஒரு கூட்டத்தை மனத்தில் வைத்தே எடுக்கப்பட வேண்டும்.

காரணம் எளிது. மேஸ்திரிக்கு ஞாயிற்றுக்கிழமைதான் ஓய்வு. பிளஸ் டூ மாணவருக்கு மார்ச் மாதம் தேர்வு. வீடு கட்டும் குடும்பம் பாட்டியையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வரும். அவர்களுக்கு நாற்காலி வேண்டும், கழிப்பறை வேண்டும். கூட்டம் மாறினால் நாளும் மாறும், நேரமும் மாறும், வாசல் ஏற்பாடும் மாறும்.

2. தேதி குறிப்பது

சேலத்தில் பொங்கல் முடிந்த பிறகு, ஜனவரி பிற்பாதி முதல் பிப்ரவரி இறுதிவரை சரியான காலம். காலையில் நடக்கலாம், மழைத் தொந்தரவு குறைவு. முந்தைய செமஸ்டரின் வரைபடங்களும் மாதிரிகளும் கசங்காமல் கையில் இருக்கும்.

ஏப்ரல், மே மாதங்களில் தெருவில் கூட்டத்தை நிறுத்தி வைப்பதே தவறு. அக்டோபர், நவம்பரில் வடகிழக்குப் பருவமழை. ஆடி மாதத்தில் கோட்டை மாரியம்மன் திருவிழா. கோட்டை, குகை ஆகிய பகுதிகளில் கால் வைக்க இடம் இருக்காது. திருவிழாவைப் பார்க்க விரும்பினால் அதைத் தனி நிகழ்ச்சியாகச் செய்யுங்கள். கட்டடம் பார்க்கும் நடையை அந்த நெரிசலில் கலக்காதீர்கள்.

நாட்காட்டியில் முகூர்த்த நாளா என்று பாருங்கள். முகூர்த்த நாளில் வேனும் கிடைக்காது, சமையல்காரரும் கிடைக்கமாட்டார், வருவதாகச் சொன்னவர்களும் கல்யாணத்துக்குப் போய்விடுவார்கள். அடுத்து, மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை உங்கள் பகுதிக்கு எந்த நாள் என்று மின்வாரிய அலுவலகத்தில் நேரில் கேளுங்கள். செய்தித்தாளில் அறிவிப்பு வருவது கடைசி நேரத்தில்தான்.

3. ஆட்களைப் பிரிப்பது

நடைக்கு ஒருவர், கண்காட்சிக்கு ஒருவர், உரைக்கு ஒருவர் என மூன்று பொறுப்பாளர்கள் போதும். நான்காவதாக, எந்த வேலையும் ஒப்படைக்கப்படாத ஒருவர் இருக்க வேண்டும். அன்றைக்கு எதிர்பாராமல் வருவது எதுவானாலும் அவர் பார்த்துக்கொள்வார். இந்த நான்காவது ஆளை வைக்காத குழுக்களில் நடைப் பொறுப்பாளர் ஜெனரேட்டருக்கு டீசல் வாங்க ஓடுவதைப் பார்த்திருக்கிறேன். நடைக்கு வந்தவர்கள் வாசலில் காத்து நிற்பார்கள்.

சேலத்தில் பிறந்து வளர்ந்த மாணவர்களை நடைக்குப் போடுங்கள். வெளியூர் மாணவர் தகவலைச் சரியாகச் சொல்வார். ஆனால் தெருவில் ஒரு பாட்டி "யாரு கண்ணு நீங்க?" என்று கேட்டால், உள்ளூர்ப் பிள்ளை பதில் சொல்கிறபோதுதான் வீட்டுக் கதவு திறக்கிறது.

4. நடைப் பாதையை அமைப்பது

முழு நிகழ்ச்சியிலும் கடினமான பகுதி இதுதான். அதிக நேரம் இதற்கே கொடுங்கள்.

ஒரு நடை இரண்டு மணி நேரம். தூரம் ஒன்றரை கிலோமீட்டருக்குள். ஒரு வழிகாட்டிக்குப் பதினைந்து பேர். அதற்கு மேல் போனால் பின்வரிசைக்குக் குரல் எட்டாது, தெருவில் ஸ்கூட்டர் போக வழி இருக்காது. கையொலிபெருக்கியைத் தவிர்த்துவிடுங்கள். பூட்டிய கதவுகளுக்குப் பின்னால் இரவு வேலை முடித்துத் தூங்குகிறவர்கள் இருப்பார்கள்.

சேலத்தில் இரண்டு பாதைகள் நன்றாக அமையும். இரண்டையும் ஒரே நாளில் சேர்க்காதீர்கள்.

*கோட்டைப் பாதை.* சுகவனேசுவரர் கோயில், கோட்டை மாரியம்மன் கோயில், அழகிரிநாதப் பெருமாள் கோயில், திருமணிமுத்தாற்றங்கரை, ஜாமியா மசூதி எல்லாம் நடக்கும் தூரத்தில் இருக்கின்றன. "கோட்டை" என்ற பெயரைக் கேட்டு வருபவர்கள் மதில் சுவரைத் தேடுவார்கள். பார்க்கப் போவது கோயில்களும் பள்ளிவாசலும் ஆறும் ஊரும்தான் என்று புறப்படும்போதே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் கடைசிவரை "கோட்டை எங்கே?" என்ற கேள்வி கூடவே நடந்து வரும்.

இந்தப் பாதையில் கோயில்களை முதலில் வையுங்கள். செருப்பைக் கழற்றிவிட்டு நடக்க வேண்டிய இடம் அது. வெயில் ஏறிவிட்டால் கல்தளம் சுடும். பள்ளிவாசலுக்குத் தொழுகை நேரம் பார்த்துப் போக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியத்தைத் தொடவே கூடாது. ஆற்றைக் கடைசியில் வையுங்கள். திருமணிமுத்தாற்றின் கரையில் நின்றால் ஊர் எப்படி ஆற்றைப் பார்த்து உட்கார்ந்து, பிறகு எப்படி அதற்கு முதுகைக் காட்டியது என்பது கண்ணுக்கே தெரியும். கரைச்சுவர்கள், கழிவுநீர் வாய்கள், ஆற்றுப் பக்கம் ஜன்னல் வைக்காத புதிய கட்டடங்கள் ஆகியவற்றைச் சுட்டிக்காட்டிக் கேள்வி கேளுங்கள். இங்கேதான் நடைக்கு வந்தவர்கள் தாங்களாகப் பேசத் தொடங்குவார்கள். கால் மணி நேரம் கூடுதலாக ஒதுக்கி வையுங்கள்.

*அம்மாபேட்டைப் பாதை.* கைத்தறி இன்னும் ஓடும் வீடு ஒன்றையாவது மையமாக வையுங்கள். விசைத்தறி பெருகிய பிறகு அப்படிப்பட்ட வீட்டைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வீடும் தொழிலும் ஒன்றையொன்று எப்படி வடித்திருக்கின்றன என்பதைக் காட்ட இதைவிட நல்ல பாடம் சேலத்தில் இல்லை.

அந்த வீட்டில் காட்ட வேண்டியதைச் சொல்கிறேன். குழித்தறியில் நெய்பவர் தரைமட்டத்தில் உட்கார்ந்து, கால்களைக் குழிக்குள் இறக்கி மிதிக்கிறார். ஆகவே அவருடைய கண் தரையிலிருந்து இரண்டரை அடி உயரத்தில்தான் இருக்கிறது. ஜன்னல் ஏன் இவ்வளவு தாழ்வு என்று நின்றுகொண்டு பார்ப்பவருக்குப் புரியாது. வந்தவர்களைக் குந்தி உட்காரச் சொல்லுங்கள். வெளிச்சம் நேராகத் துணியின்மேல் விழுவது அப்போது தெரியும். குழியின் மண் ஈரம் நூலை வறண்டுவிடாமல் காக்கிறது. வறண்ட நூல் அறுபடும். தரை முழுவதும் டைல்ஸ் ஒட்டியவர்களும் தறியைச் சுற்றி மட்டும் மண்ணை விட்டு வைப்பது இதற்காகத்தான். பிறகு வெளியே வந்து தெருவைக் காட்டுங்கள். தறியில் நீளவாக்கில் ஓடும் பருத்திப் பாவு நூலை நீட்டிக் கஞ்சி போட நீண்ட, நேரான தெரு வேண்டும். வெயில் ஏறுமுன் அந்த வேலை முடிய வேண்டும். நெசவாளர் குடியிருப்புகளில் தெரு வீட்டின் வெளிப்புறம் அல்ல, அது பட்டறையின் ஓர் அறை.

மூன்றாவதாகச் செவ்வாய்ப்பேட்டை நினைவுக்கு வரும். கொலுசுப் பட்டறைகளுக்குள் பதினைந்து பேரை அழைத்துப் போக முடியாது. வெள்ளி வைத்திருக்கும் இடத்தில் முன்பின் தெரியாத கூட்டத்தை யாரும் விரும்பமாட்டார்கள். மண்டிகளின் சரக்கு வண்டிகளும் காலையில் தெருவை அடைத்து நிற்கும். முதன்முறை நடத்துகிறவர்கள் இதை விட்டுவிடுவது நல்லது.

பாதை முடிவானதும், நிகழ்ச்சி நடக்கப் போகும் அதே கிழமையில், அதே நேரத்தில் ஒத்திகை நடை போங்கள். சனிக்கிழமை மாலை அமைதியாக இருந்த தெரு ஞாயிறு காலை இறைச்சிக் கடை வரிசையாக மாறியிருக்கும். ஒத்திகையில் நிழலைக் குறித்துக்கொள்ளுங்கள். வடக்குத் தெற்காக ஓடும் தெருவில் காலை நிழல் கிழக்கு வரிசை வீடுகளின் பக்கம் விழும். கூட்டத்தை அங்கே நிறுத்தி எதிர்வரிசையைக் காட்டினால் நிழலும் கிடைக்கும், பார்க்கும் முகப்பில் வெயிலும் விழுந்து நுணுக்கம் தெரியும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் பதினைந்து பேர் நின்றால் வண்டி போக வழி இருக்கிறதா என்று உண்மையாகவே பதினைந்து பேரை நிறுத்திப் பாருங்கள்.

ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் வளைவைச் சேர்க்க எல்லோரும் ஆசைப்படுவார்கள். சேர்க்கலாம், பழைய சினிமா ஸ்டுடியோ இல்லாமல் போய் அதன் வாசல் வளைவு மட்டும் மிஞ்சி நிற்பது பேச வேண்டிய விஷயம்தான். ஆனால் வளைவுக்கு நேர் எதிரே சாலையோரத்தில் கூட்டத்தை நிறுத்தக் கூடாது. பேருந்துகள் வேகமாகப் போகும் சாலை அது. நிற்க இடம் முன்கூட்டியே பார்த்துவையுங்கள், கிடைக்காவிட்டால் வேனில் இருந்தபடியே காட்டுங்கள்.

5. அனுமதி வாங்குவது

பாதை முடிவான பிறகே அனுமதி கேட்கப் போங்கள். "ஒரு நாள் வருவோம்" என்று கேட்டால் "பார்க்கலாம்" என்றுதான் பதில் வரும். தேதி, நேரம், எத்தனை பேர், எங்கே நிற்பார்கள், எவ்வளவு நேரம் என்ற ஐந்தும் ஒரே பக்கத்தில், கல்லூரி முத்திரையோடு இருக்க வேண்டும்.

கோயிலுக்குச் செயல் அலுவலரிடம் கடிதம் கொடுத்து, நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்குங்கள். தமிழ்நாட்டுக் கோயில்களில் கைபேசிக்குத் தடை விதிக்கச் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022 டிசம்பரில் உத்தரவிட்டது. ஆகவே உள்ளே படம் எடுப்பதை மறந்துவிட்டு, ஆளுக்கு ஒரு சிறு நோட்டும் பென்சிலும் கொடுங்கள். தூணின் ஒரு பகுதியை வரைந்து பார்த்தவர் அதைப் படம் எடுத்தவரைவிட அதிகம் பார்த்திருப்பார். பள்ளிவாசலுக்கு நிர்வாகக் குழுவினரை நேரில் சந்தியுங்கள். பெண்கள் எதுவரை வரலாம் என்பதை அவர்களிடமே கேட்டு அதன்படி நடங்கள்.

வீடுகளுக்குக் கடிதம் வேண்டாம். நேரில் போய் வீட்டுப் பெண்களிடம் பேசுங்கள். வீட்டுக்காரர் "வாங்க, தாராளமா" என்று சொல்லிவிடுவார். அன்று காலை சமையலை ஒதுக்கி வைத்து, பதினைந்து பேருக்குத் தண்ணீர் தருவது அந்த அம்மாள்தான். அவர் சரி என்று சொன்ன நேரமே சரியான நேரம். கூட்டம் நடப்பதால் தறி நின்றுபோகும் நேரத்துக்கு ஒரு தொகை கொடுங்கள். அதை முன்பே பேசி, கையில் கொடுத்துவிடுங்கள். அந்தத் தெரு காவல் நிலையத்திலும் ஒரு கடிதம் இருக்கட்டும்.

6. ஏற்காட்டுக்குப் போவதானால்

அதை முழு நாள் பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகள். முதல்முறை வருபவர்களில் சிலருக்குத் தலைசுற்றும். மேலே இறங்கியதும் பேச ஆரம்பிக்காமல், இருபது நிமிடம் ஏரிக்கரையில் விட்டுவிடுங்கள். வார இறுதியில் மலைப்பாதை நெரியும், ஆகவே வாரநாளே மேல். மழைக்குப் பின் மண் சரிந்து வண்டிகளைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிடுவது உண்டு. புறப்படும் நாள் காலையில் அடிவாரச் சோதனைச் சாவடியில் கேட்டுவிட்டுப் போங்கள்.

மலையில் பார்க்க வேண்டியது மழையோடு கட்டடம் செய்துகொண்ட ஏற்பாடு. சரிந்த ஓட்டுக்கூரை, சுவரைத் தாண்டி நீண்டு இறங்கும் கூரை விளிம்பான இறவாணம், கல்சுவர், நனையாத அடித்தளம். சாலையோரத் தாங்குசுவர்களில் சின்னச் சின்னத் துளைகள் இருக்கும். பின்னால் தேங்கும் நீர் அவற்றின் வழியே வெளியேறாவிட்டால் அதன் அழுத்தமே சுவரைத் தள்ளிவிடும். வீடு கட்டுபவருக்கு இந்த ஒரு துளை போதும், வந்த செலவுக்கு ஈடாகிவிடும். வளைவுகளில் நிறுத்திக் காட்டாதீர்கள். ஊருக்குள் அகலமான இடங்களிலேயே அப்படிப்பட்ட சுவர்கள் இருக்கின்றன.

எஸ்டேட் பங்களாக்களும் பழைய உறைவிடப் பள்ளிகளும் தனியார் இடங்கள். எழுத்தில் அனுமதி வராமல் கேட் வரை போய் நிற்காதீர்கள். மலைக் கிராமங்களுக்குக் கூட்டமாகப் போவதை நான் ஏற்கவில்லை. ஊர்ப் பெரியவரும் வீட்டாரும் தாங்களாக அழைத்தால் இரண்டு மூன்று மாணவர்கள் போகட்டும், அளந்து வரையட்டும், அந்த வரைபடம் கண்காட்சியில் அவர்கள் ஒப்புதலோடு தொங்கட்டும். குடியிருக்கும் வீட்டை வேன் கொள்ளாத கூட்டம் எட்டிப் பார்ப்பது மரியாதை ஆகாது.

7. கண்காட்சி: எதை வைப்பது, எதை விடுவது

மதிப்பெண் அதிகம் வாங்கிய வரைபடங்களையெல்லாம் மாட்டிவிடுவது வழக்கம். விமான நிலையம், அருங்காட்சியகம், ஐம்பது மாடிக் கட்டடம். பார்ப்பவர் "நல்லாருக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த சுவருக்குப் போய்விடுவார். பாதிச் சுவரை நடைப் பாதையில் உள்ள வீடுகளுக்கும் தெருக்களுக்கும் ஒதுக்குங்கள். தன் தெருவைக் காகிதத்தில் கண்டுபிடித்தவர் அந்த இடத்தை விட்டு நகரமாட்டார்.

இந்த வரைபடங்களில் அளவுகள் அடியில் இருக்க வேண்டும். மாணவர்கள் மில்லிமீட்டரில் வரைகிறார்கள். சேலத்தில் நிலம் சென்ட், கட்டடம் சதுரம், அறை அடி. 3000 என்று எழுதினால் யாருக்கும் எதுவும் தெரியாது. பத்தடி என்று எழுதினால் தன் வீட்டு அறையோடு ஒப்பிட்டுவிடுவார். ஒரு சதுரம் நூறு சதுர அடி, ஒரு சென்ட் 435.6 சதுர அடி என்பதை ஒரு மூலையில் எழுதிவையுங்கள். மாணவர்களுக்கே அது பயன்படும்.

தரைப்படம் படிக்கப் பழகாதவர்களுக்கு அதில் ஒரு கயிற்றுக் கட்டில், ஒரு மோட்டார் சைக்கிள், ஓர் அடுப்பு வரையுங்கள். அளவு தானாக விளங்கும். ஒவ்வொரு படத்திலும் வாசல் எங்கே என்று அம்புக்குறி போடுங்கள், ஏனென்றால் எல்லோரும் வாசலில் இருந்துதான் வீட்டுக்குள் நுழைகிறார்கள்.

ஒரு மேசையில் பொருட்களைத் தொட வையுங்கள்: பழைய தட்டோடு, சுண்ணாம்புக் காரைத் துண்டு, செங்கல், ஃபிளை ஆஷ் கல், மங்களூர் ஓடு. மேஸ்திரிகள் அங்கேதான் கூடுவார்கள். மாணவர்களும் அங்கேதான் நிற்க வேண்டும், கற்றுக்கொள்வதற்காக.

8. மாட்டுவது

ஏ1 தாள் 594க்கு 841 மில்லிமீட்டர். அதை நெட்டுவாக்கில், நடுப்புள்ளி தரையிலிருந்து 145 சென்டிமீட்டர் உயரத்தில் வரும்படி மாட்டினால் பெரியவருக்கும் பள்ளிப் பிள்ளைக்கும் பொருந்தும். ஒன்றன்கீழ் ஒன்றாக இரண்டு ஏ1 மாட்டாதீர்கள். கீழ்த் தாளைப் படிக்க யாரும் குனியமாட்டார்கள்.

மட்டம் பிடிக்கக் கண்ணை நம்ப வேண்டாம். அறையின் தரை சாய்ந்திருக்கும். கொத்தனார் பயன்படுத்தும் தண்ணீர் டியூப்பை எடுங்கள். ஒருவர் ஒரு மூலையில், மற்றவர் எதிர் மூலையில் பிடித்து, நீர் நிற்கும் இடத்தைக் குறித்து, இரு குறிகளுக்கும் இடையில் சுண்ணாம்பு நூல் அடியுங்கள். எல்லாச் சுவர்களிலும் ஒரே கோடு வரும். லேசர் கருவி இருந்தால் அதுவும் சரிதான்.

இரட்டைப் பக்க ஒட்டுநாடா டிஸ்டெம்பர் பூசிய சுவரில் முதல் நாள் நிற்கும், இரண்டாம் நாள் மதியம் பூச்சோடு கழன்று விழும். சுவருக்கு மேலே ஒரு கம்பி கட்டி, நைலான் நரம்பும் கிளிப்பும் கொண்டு தொங்கவிடுங்கள். தாளின் கீழ் விளிம்பில் ஒரு மூங்கில் பட்டையோ அலுமினியப் பட்டையோ வைத்தால் காற்றில் ஆடாது, சுருளாது.

வெயிலைப் பற்றி ஒரு எச்சரிக்கை. "வடக்கு ஜன்னலில் வெயில் வராது" என்று பாடப்புத்தகத்தில் படித்ததை நம்பி அந்தச் சுவருக்கு எதிரே நல்ல படங்களை மாட்டுவார்கள். சேலம் ஏறக்குறைய பதினொன்றரை பாகை வட அட்சத்தில் இருக்கிறது. ஏப்ரல் மூன்றாம் வாரத்திலிருந்து ஆகஸ்ட் மூன்றாம் வாரம் வரை நண்பகல் சூரியன் நமக்கு வடக்கே நிற்கிறான். அந்த மாதங்களில் வடக்கு ஜன்னலே கண்ணைக் கூச வைக்கும். ஜனவரியில் தொல்லை தெற்கு ஜன்னலில். எந்த மாதம் என்று பார்த்துச் சுவரைத் தேர்ந்தெடுங்கள்.

9. விளக்கச் சீட்டு

தமிழில், நாற்பது சொற்களுக்குள். "இக்கட்டடம் வெளிக்கும் உள்ளுக்குமான உரையாடலை நிகழ்த்துகிறது" போன்ற வாக்கியங்களை அடித்துவிடுங்கள். என்ன கட்டடம், எங்கே, யார் பயன்படுத்துவார்கள், இதில் எது புதிது என்ற நான்குக்கும் பதில் இருந்தால் போதும். எழுதி முடித்ததும் கேன்டீன் நடத்தும் அண்ணனிடம் படிக்கக் கொடுங்கள். அவர் எந்தச் சொல்லில் நின்று யோசிக்கிறாரோ அதை மாற்றுங்கள்.

எழுத்துருவை யூனிகோடில் வையுங்கள். அச்சகத்துக்கு அனுப்பும் முன் எழுத்துகளை வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் கோப்பாகக் கொடுங்கள். இல்லையென்றால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகப் பிரிந்து அச்சாகி வரும். அதைப் பார்த்துவிட்டுக் கல்லூரியின் பெயரையே எடைபோடுவார்கள்.

10. உரை

பேச்சாளருக்கு இப்போதுதான் அழைப்பு. நடைப் பாதையையும் கண்காட்சிப் பட்டியலையும் அனுப்பி, "இதைப் பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு நாற்பது நிமிடம் பேச வேண்டும்" என்று சொல்லுங்கள். அப்போது அவர் எங்கும் காட்டும் அதே படங்களைக் கொண்டுவரமாட்டார். தமிழில் பேச இயலாதவரானால் பத்தி பத்தியாக மொழிபெயர்க்க ஓர் ஆசிரியரை முன்பே சேர்த்து உட்கார வையுங்கள்.

விளக்கேற்றம், வரவேற்பு, பொன்னாடை, நினைவுப் பரிசு எல்லாம் சேர்த்துப் பத்து நிமிடத்தைத் தாண்டக் கூடாது. கல்லூரிக்குள்ளே இதற்கு எதிர்ப்பு வரும், உறுதியாக நில்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையை விட்டுக்கொடுத்து வந்தவரின் பொறுமை பொன்னாடை வரிசையிலேயே தீர்ந்துபோனால் பேச்சுக்கு மிச்சம் இருக்காது.

கேள்வி நேரத்தில் ஒலிவாங்கியை நடு வழியில் நட்டு வைக்காதீர்கள். நூறு பேர் முன்னால் எழுந்து நடந்து வர மேஸ்திரி கூச்சப்படுவார். ஒலிவாங்கியை அவர் இருக்கைக்கே கொண்டுபோங்கள். முதல் கேள்வியை ஆசிரியர்கள் கேட்கக் கூடாது. கேட்டுவிட்டால் அடுத்தடுத்த கேள்விகளும் அதே பாணியில் போய், வெளியாள் வாய் திறக்கமாட்டார்.

புரஜெக்டருக்குத் தனி யுபிஎஸ் வையுங்கள். மின்சாரம் போய் ஜெனரேட்டர் ஓடும்வரை உள்ள சில நொடிகளில் அது அணைந்து, மறுபடி வெளிச்சம் வர நேரமாகும்.

11. அழைப்பது

சமூக ஊடகத்தில் போடுங்கள், அது மாணவர்களுக்குப் போய்ச் சேரும். மற்றவர்களுக்குக் கைத்துண்டறிக்கை. ஹார்டுவேர் கடை, சிமென்ட் டீலர், மரக்கடை, காலையில் கட்டட வேலைக்கு ஆட்கள் கூடும் முனைகள், நடைப் பாதையின் தேநீர்க் கடைகள் என்று பட்டியல் போட்டு நேரில் கொடுங்கள். "அனுமதி இலவசம்", "குழந்தைகளை அழைத்து வரலாம்", "எந்தப் பஸ், எங்கே இறங்க வேண்டும்" என்ற மூன்றும் பெரிய எழுத்தில் இருக்கட்டும். பெரிய கேட்டும் காவலாளியும் உள்ள கல்லூரிக்குள் தான் போகலாமா என்ற தயக்கம் பலருக்கு உண்டு. காவலாளியிடம் முன்பே சொல்லி வையுங்கள்: அன்று பெயர் கேட்க வேண்டாம், வணக்கம் சொன்னால் போதும்.

12. அன்றைய நாள்

நடை காலை ஆறரைக்குத் தொடங்கி எட்டரைக்கு முடியட்டும். நெசவாளர் வீட்டுப் பாதை மட்டும் தறி ஓடும் நேரத்தை ஒட்டிச் சற்றுப் பிந்தலாம். நடை முடியும் இடத்தில் சிற்றுண்டி வைத்து, அங்கிருந்து வேனில் கல்லூரிக்கு அழைத்து வாருங்கள். நடையில் பார்த்த வீட்டின் வரைபடம் கண்காட்சியின் முதல் சுவரில் இருக்க வேண்டும்; பார்த்த நினைவு சூடாக இருக்கும்போதே அது கண்ணில் படட்டும். உரை பதினொரு மணிக்கு.

ஒவ்வொரு நடைக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர். கடைசியில் வருபவரின் வேலை பேசுவது அல்ல. தண்ணீர் வைத்திருப்பது, பின்தங்கும் முதியவரோடு மெதுவாக நடப்பது.

கண்காட்சியில் நிற்கும் மாணவர்கள் தாங்களாக விளக்க ஆரம்பிக்க வேண்டாம். பார்ப்பவர் ஒரு படத்தின் முன் நின்றதும், "உங்கள் வீட்டில் சமையலறை எந்தப் பக்கம்?" என்று கேட்கட்டும். பேச்சு அதற்குப் பிறகு தானாக ஓடும்.

பொருட்களைத் தொட்டுப் பார்க்கும் மேசைக்கு அருகில் ஒரு வரைபடத்தைத் திருத்துவதற்கென்றே மாட்டி, பென்சில் கட்டித் தொங்கவிடுங்கள். "இங்கே தவறு இருந்தால் எழுதுங்கள்" என்ற ஒரு வரி போதும். படிக்கட்டின் உயரம், லாஃப்ட் இடம், செப்டிக் டேங்குக்கு லாரிக் குழாய் எட்டும் வழி என்று கொத்தனார்கள் எழுதிவிட்டுப் போவது மாணவர் வரைபடங்களை ஆசிரியர்கள் மதிப்பிடும் எந்த ஜூரியிலும் கிடைக்காத பாடம்.

13. கழற்றுவதும் திருப்பிக் கொடுப்பதும்

பென்சில் திருத்தங்களோடு உள்ள தாள்களைக் கழற்றும் முன் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கம்பியிலிருந்து இறக்கும்போது ஓரங்கள் கிழியும். மாதிரிகளைத் துணியால் மூடி, மண் தரையில் வைக்காமல் பலகைமேல் வையுங்கள். கரையான் முதலில் மாதிரி செய்த மவுண்ட் போர்டு அட்டையைத்தான் தேடி வரும்.

ஒரு வாரத்துக்குள் கோயில் அலுவலகத்துக்கும் பள்ளிவாசலுக்கும் நன்றிக் கடிதம் கொடுங்கள். கதவு திறந்த ஒவ்வொரு வீட்டுக்கும் அந்த வீட்டின் அளந்து வரைந்த படத்தை ஏ3 அளவில் லேமினேட் செய்து, வரைந்த மாணவரே கொண்டுபோய்க் கொடுக்கட்டும். அளவுகள் அடியில் இருக்கட்டும். தண்ணீர்க் குழாயும் மின்கம்பியும் சுவரில் எங்கே ஓடுகின்றன என்பதையும் அதில் குறியுங்கள். அடுத்த முறை பழுது பார்க்க வரும் மேஸ்திரி சுவரைத் தட்டிப் பார்க்காமல் அதைப் பார்த்தே வேலையைத் தொடங்கலாம்.